பாயத் தெரியும், நிற்கத் தெரியாது

அறுபதுகளின் அமெரிக்க 'மஸில்' கார்கள் இன்று கோடிக்கணக்கில் விலை போகின்றன. பளபளக்கும் பானெட்டுக்குக் கீழே ஒளிந்திருந்த குறைகளின் கதையோ வேறு.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் உள்ள கிஸிம்மி நகரில் 2020 ஜனவரியில் நடந்த ஏலத்தில், கரும்பச்சை நிற ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்று 34 லட்சம் டாலருக்குப் போனது. ஏலக் கம்பெனியின் கமிஷனையும் சேர்த்தால் 37 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 26 கோடி ரூபாய். இத்தனைக்கும் பெயிண்ட் மங்கி, அங்கங்கே துரு தட்டிப்போன பழைய வண்டி அது. 1968ல் வெளிவந்த 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மக்வீன் ஓட்டிய கார் என்பதுதான் அதன் விசேஷம். சான்பிரான்சிஸ்கோவின் செங்குத்தான தெருக்களில் ஒரு டாட்ஜ் சார்ஜரை அந்த மஸ்டாங் துரத்தும் பத்து நிமிடக் காட்சியைப் பார்த்துவிட்டு ஷோரூமுக்கு ஓடிய இளைஞர்கள் ஏராளம்.

அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. படப்பிடிப்புக்கு முன்பே அந்தக் கார்கள் மாக்ஸ் பால்சாவ்ஸ்கி என்ற கைதேர்ந்த மெக்கானிக்கிடம் ஒப்படைக்கப்பட்டன. சஸ்பென்ஷனைப் பலப்படுத்தி, எஞ்சினைச் சீர்செய்து கொடுத்தார் அவர். ஃபோர்டு தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே அந்த மேடுகளில் தாவ விட்டிருந்தால் கார் தாங்கியிருக்காது. திரையில் பறந்தது ஒரு கார். ஷோரூமில் விற்றது வேறு கார்.

மஸில் கார்களின் வரலாறு முழுக்கவே இந்த இடைவெளியின் வரலாறுதான்.

'மஸில்' என்றால் தசை. புஜபலக் கார்கள் என்று சொல்லலாம். சூத்திரம் மிக எளிமையானது. குடும்பத்தோடு கடைக்கும் சர்ச்சுக்கும் போய்வர வடிவமைக்கப்பட்ட நடுத்தரக் கார் ஒன்றை எடுத்துக்கொள். அதற்குள் பெரிய காரின் ராட்சத எஞ்சினைத் திணி. பக்கவாட்டில் இரண்டு கோடு போடு. விலையை இளைஞர்களின் கைக்கு எட்டும்படி வை.

இந்தச் சூத்திரத்தை ஊரறியச் செய்தது ஜெனரல் மோட்டார்ஸின் போன்டியாக் பிரிவு. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக்கூடாது என்பது அந்த நிறுவனத்தின் உள்விதி. போன்டியாக்கின் தலைமைப் பொறியாளராக இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். தனி மாடலாக இல்லாமல், டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கான 'கூடுதல் வசதி'யாக விற்றால் மேலிடத்தின் கண்ணில் படாது. அப்படிப் பிறந்ததுதான் 1964ன் ஜி.டி.ஓ. சுமார் 300 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் 389 கன அங்குல வி-8 எஞ்சின், 325 குதிரை சக்தி.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கிட்டத்தட்ட 6,400 சி.சி. பல ஆண்டுகள் இந்தியச் சாலைகளை ஆண்ட பிரீமியர் பத்மினியின் எஞ்சின் 1,089 சி.சி.தான். ஏறக்குறைய ஆறு பத்மினிகளின் எஞ்சின் ஒரே காருக்குள். ஐயாயிரம் விற்றால் போதும் என்று தொடங்கிய திட்டம், முதல் ஆண்டிலேயே 32,450 கார்களை விற்றது.

ஆனால் எஞ்சினோடு மாறியிருக்க வேண்டிய பல பாகங்கள் மாறவில்லை. முதல் உதாரணம் பிரேக். ஜி.டி.ஓ.வுக்குக் கிடைத்தது டெம்பெஸ்ட் குடும்பக் காரின் ஒன்பதரை அங்குல டிரம் பிரேக், நான்கு சக்கரங்களிலும். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். அந்த ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. டிரம் பிரேக்கிலோ, சூடு ஏற ஏற இரும்பு டிரம் விரிந்து, உள்ளேயிருந்து அழுத்தும் ஷூவைவிட்டு விலகுகிறது. வெப்பம் வெளியேறவும் வழி குறைவு. வேகமாகப் போய் ஒருமுறை அழுத்தினால் பிரேக் பிடிக்கும். உடனே இரண்டாவது முறை அழுத்தினால் சந்தேகம். மூன்றாவது முறை பெடல் தரையைத் தொடும், கார் போய்க்கொண்டிருக்கும்.

டிஸ்க் பிரேக் அப்போது புதுமையல்ல. ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஐம்பதுகளிலேயே வந்துவிட்டது. ஜி.டி.ஓ.வின் முன்சக்கரங்களுக்கு அது கிடைத்தது 1967ல். அதுவும் தனியாகப் பணம் கட்டினால்தான்.

இன்னொரு அபாயம் கண்ணுக்குத் தெரியாதது. 1966 வரை ஜி.டி.ஓ., மஸ்டாங் இரண்டிலும் நான்கு சக்கரங்களின் பிரேக் ஆயிலுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சுற்று. ஏதோ ஒரு குழாய் கசிந்தால் நான்கு பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். பெரிய நிறுவனங்களோடு ஒப்பிட்டால் பொடியனான அமெரிக்கன் மோட்டார்ஸ், 1962லேயே இரட்டைச் சுற்றுப் பிரேக்கைத் தன் சாதாரணக் கார்களில் கொடுத்திருந்தது. தெரியாததால் விட்டார்கள் என்று சொல்ல வழியில்லை.

ஜி.டி.ஓ.வின் புகழுக்கு அஸ்திவாரம் போட்டது 'கார் அண்ட் டிரைவர்' பத்திரிகை. 1964 மார்ச் இதழில் அது சோதித்த கார், நின்ற நிலையிலிருந்து 60 மைல் வேகத்தை 4.6 நொடியில் எட்டியதாக எழுதியது. அமெரிக்காவே வாயைப் பிளந்தது. அந்தச் சோதனைக் காருக்குள் இருந்தது 389 அல்ல, அதைவிடப் பெரிய 421 கன அங்குல எஞ்சின் என்ற ரகசியத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு போட்டு உடைத்தவர், போன்டியாக்கின் விளம்பர மூளையாக விளங்கிய ஜிம் வாங்கர்ஸ். மக்வீனின் மஸ்டாங் கதைதான் இதுவும். பெயர் வாங்கிய கார் ஒன்று, வாடிக்கையாளர் வாங்கிய கார் இன்னொன்று.

மஸ்டாங்கின் பிரச்னை எலும்புக்கூட்டிலேயே இருந்தது. 1964 ஏப்ரலில் 2,368 டாலர் விலையில் அறிமுகமாகி விற்பனையில் சரித்திரம் படைத்த அந்தக் காரின் அழகான உடலுக்குள் இருந்தது ஃபோர்டின் சிக்கனக் காரான ஃபால்கன். ஃபால்கன் பிறந்தது சிறிய ஆறு சிலிண்டர் எஞ்சினுக்காக. முன்சக்கரங்களின் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் தாங்கும் தகரக் கோபுரங்கள் இரண்டு, எஞ்சின் அறைக்குள் இருபுறமும் துருத்திக்கொண்டு நின்றன. சிறிய எஞ்சினுக்கு அது பொருட்டல்ல. 1967ல் காரை அகலப்படுத்தி 390 கன அங்குல எஞ்சினை இறக்கியபோதுதான் வினை தொடங்கியது.

எஞ்சினுக்கும் கோபுரத்துக்கும் நடுவே கை நுழையாது. ஸ்பார்க் பிளக் மாற்றுவது மெக்கானிக்குகளின் சாபத்தைச் சம்பாதித்த வேலையானது. கண்ணால் பார்க்க முடியாத பிளக்கை விரல் நுனியால் தடவித் தேட வேண்டும், புறங்கை தோல் உரிய வேண்டும். 1969ல் வந்த பாஸ் 429 மாடலின் பிரம்மாண்ட எஞ்சினுக்கு அந்த இடமும் போதவில்லை. மிச்சிகனில் கார் கிராஃப்ட் என்ற தனிப் பட்டறைக்குக் கார்களை அனுப்பி, கோபுரங்களை மாற்றியமைத்துத்தான் எஞ்சினை இறக்கினார்கள். பேட்டரிக்கு முன்னால் இடமில்லை. அது டிக்கிக்குப் போனது.

பட்டறைக்காரரின் கஷ்டமாவது பட்டறையோடு போகும். ஓட்டுபவரின் கஷ்டம் வளைவில் காத்திருந்தது. வார்ப்பிரும்பு எஞ்சினின் எடை முழுவதும் முன்சக்கரங்களின் மேல். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் காரின் மூக்கு நேராகவே போகப் பார்க்கும். இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. முன்னாள் ரேஸ் வீரர் கரோல் ஷெல்பி, 1965லேயே மஸ்டாங்கைத் திருத்தி ஜி.டி.350 என்ற பெயரில் விற்றார். முன் டிஸ்க் பிரேக் போட்டார். முன் சஸ்பென்ஷனின் மேற்கையைப் பொருத்தும் இடத்தை ஓர் அங்குலம் கீழே இறக்கினார். அதற்குத் தேவைப்பட்டது இருபுறமும் சில புதிய துளைகள், அவ்வளவுதான். வளைவுகளில் கார் சொன்ன பேச்சைக் கேட்டது. ஆனால் ஷெல்பியின் காருக்கு விலை 4,547 டாலர், சாதாரண மஸ்டாங்கைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

மஸ்டாங்குக்குப் போட்டியாக வந்த செவர்லே கமாரோவும் தன் பங்குக்குச் சோதித்தது. 1967 மாடலின் பின் அச்சைத் தாங்கியது பக்கத்துக்கு ஒரே ஒரு பட்டை கொண்ட ஸ்பிரிங். லாரியிலும் ஜீப்பிலும் பல பட்டைகளை அடுக்கிப் போடுவதைப் பார்த்திருப்போம். இங்கே செலவும் எடையும் குறைய ஒன்றே போதும் என்று முடிவு செய்தார்கள். வி-8 எஞ்சினின் முறுக்கு முழுவதும் அச்சில் இறங்கியதும் அந்த ஒற்றைப் பட்டை வளைந்து நெளிந்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் பின்சக்கரங்கள் தவளைபோலத் துள்ளின. தரையில் ஒட்டாத சக்கரம் எத்தனை குதிரை சக்தியை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? அடுத்த ஆண்டே ஷாக் அப்சார்பர்களில் ஒன்றை அச்சுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் மாற்றி வைத்தார்கள். சக்தி அதிகமான மாடல்களுக்குப் பல பட்டை ஸ்பிரிங்கும் வந்தது.

எரிச்சலூட்டும் சின்னச் சின்னக் குறைகளுக்கோ கணக்கே இல்லை. 1968, 69 டாட்ஜ் சார்ஜரின் முகப்பு விளக்குகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். சுவிட்சைப் போட்டால் கதவு திறக்கும். திறப்பது மோட்டார் அல்ல, எஞ்சின் உறிஞ்சும் காற்றால் உண்டாகும் வெற்றிடம். ரப்பர் குழாய் ஒன்று வெடித்தாலும் கதவு அரைக்கண் மூடியபடி நிற்கும், இருட்டுச் சாலையில். 1969 கமாரோவின் ஆர்.எஸ். மாடலில் விளக்குக் கதவுகளிலேயே கண்ணாடி போட்ட இடுக்குகள் வைத்தார்கள், கதவு திறக்காவிட்டாலும் கொஞ்சம் வெளிச்சம் வரட்டும் என்று. தன் கதவின் மேல் தொழிற்சாலைக்கே அவ்வளவு நம்பிக்கை.

அமெரிக்கன் மோட்டார்ஸின் வைப்பரும் இதே வெற்றிடத்தை நம்பியது. ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது எஞ்சினின் வெற்றிடம் குறையும். கொட்டும் மழையில் லாரியை முந்த வேகமெடுத்தால், சரியாக அந்தக் கணத்தில் வைப்பர் சோர்ந்து நிற்கும். பிரேக்கில் முன்னோடியான அந்த நிறுவனம், மின்சார வைப்பரை எல்லாக் கார்களிலும் கொடுத்தது 1972 மாடலிலிருந்துதான்.

கிரைஸ்லர் குடும்பத்துக் கார்களில் டயர் மாற்றப் போனவர்கள் பட்ட பாடு இன்னொரு ரகம். சக்கரம் சுழலும் திசையில் நட்டு தானாகக் கழன்றுவிடக்கூடாது என்று, காரின் இடப்பக்கச் சக்கரங்களுக்கு எதிர்மரை வைத்திருந்தார்கள். 1970 வரை இது தொடர்ந்தது. விவரம் தெரியாதவர் வழக்கப்படி திருகத் திருக நட்டு இறுகும். இன்னும் பலம் போட்டால் போல்ட்டே முறிந்து கையோடு வரும்.

அதே நிறுவனத்தின் டாஷ்போர்டில் இருந்த அம்மீட்டரும் பொல்லாதது. பேட்டரியை சார்ஜ் செய்யும் மின்சாரம் முழுவதும் எஞ்சின் அறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கனெக்டர் வழியாக டாஷ்போர்டுக்குள் வந்து, அம்மீட்டரைக் கடந்து, திரும்பவும் அதே வழியில் வெளியே போகும். ஆண்டுகள் செல்லச் செல்ல கனெக்டரின் முனைகள் களிம்பேறிச் சூடாகும், பிளாஸ்டிக் உருகும். டாஷ்போர்டுக்குப் பின்னால் புகை கிளம்பிய பிறகுதான் விஷயம் தெரியும். இன்று இந்தக் கார்களை வாங்குபவர்கள் முதலில் செய்வதே அம்மீட்டரைத் தவிர்த்து வேறு ஒயர் போடுவதுதான்.

சிரித்துவிட்டுப் போக முடியாத குறைகளும் உண்டு. 1965 முதல் 1969 வரையிலான பல செவர்லே மாடல்களில் எஞ்சினைத் தாங்கும் மவுன்டிங், இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஒட்டிய ரப்பர். ரப்பர் கிழிந்தால் எஞ்சினைப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது எஞ்சின் தன் முறுக்கினாலேயே ஒரு பக்கமாக எழும்பும். எழும்பும்போது ஆக்ஸிலேட்டர் இணைப்பையும் இழுத்துக்கொண்டு போகும். ஓட்டுபவர் காலை எடுத்துவிட்டாலும் கார் முழு வேகத்தில் சீறும். எஞ்சின் அப்படித் திறந்துகிடக்கும்போது பவர் பிரேக்குக்கு வேண்டிய வெற்றிடமும் கிடைக்காது. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. வி-8 கமாரோக்களும் அதில் அடக்கம். கொடுத்த பரிகாரம் என்ன? எஞ்சின் அதிகம் எழும்பாமல் இழுத்துப் பிடிக்க ஒரு கம்பி வடம்.

1970 வரையிலான மஸ்டாங்கின் பெட்ரோல் டாங்க்கை டிக்கிக்கு அடியில் தனியாகத் தொங்கவிடவில்லை. டிக்கியின் தரையில் ஓர் ஓட்டை. அதில் மேலிருந்து இறக்கிய டாங்க். அதன் மேல்தகடே டிக்கியின் தரை. டிக்கிக்கும் பின் இருக்கைக்கும் நடுவே முழுமையான இரும்புத் தடுப்பும் கிடையாது. பின்னாலிருந்து பலமாக இன்னொரு வண்டி மோதி டாங்க் பிளந்தால், பெட்ரோல் உட்கார்ந்திருப்பவர்களிடம் வருவதற்கு வழி திறந்தே இருக்கிறது. பின்பக்க மோதலில் பெட்ரோல் கசியக்கூடாது என்ற அமெரிக்க அரசின் விதி 1977 மாடல்களுக்குத்தான் அமலுக்கு வந்தது. அதற்குள் மஸில் கார்களின் காலமே முடிந்துவிட்டது.

இத்தனை குறைகளும் ஏன்? பொறியாளர்களுக்குத் திறமை இல்லை என்று சொல்ல முடியாது. நிலவுக்கு மனிதனை அனுப்பிய நாடு, அதே பத்தாண்டு. பதில் டாட்ஜ் சார்ஜரிலேயே இருக்கிறது. 1968 சார்ஜரின் பின்கண்ணாடி இரண்டு சரிவான தூண்களுக்கு நடுவே உள்வாங்கி நிற்கும். கண்ணுக்கு அழகு. ஆனால் ரேஸ் வேகத்தில் காற்று அங்கே சுழன்று காரின் பின்புறத்தைத் தூக்கியது. பந்தயத்தில் தோற்றதும் பொறியாளர்கள் பாய்ந்தார்கள். கண்ணாடியை மட்டமாக்கி, முகப்பில் கூர்மையான மூக்கு வைத்து, பின்னால் உயரமான இறக்கை பொருத்தி, 1969ல் சார்ஜர் டேடோனாவை இறக்கினார்கள். 1970 மார்ச்சில் டல்லடேகா மைதானத்தில் பட்டி பேக்கர் அதே ரகக் காரில் மணிக்கு 200 மைலைத் தாண்டினார். ரேஸ் விதிக்குத் தேவைப்பட்டது 500 கார். அந்த அளவோடு உற்பத்தி நின்றது.

பந்தயத்தில் தோற்றால் குறை உடனே சரியாகிறது. வாடிக்கையாளர் கஷ்டப்பட்டால் அது 'கூடுதல் வசதி' பட்டியலுக்குப் போகிறது. நல்ல பிரேக், நல்ல ஸ்பிரிங் எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தன, விலையோடு. இருபது வயது இளைஞன் கையில் இருக்கும் சொற்பப் பணத்தில் எதை வாங்குவான்? பெரிய எஞ்சினைத்தான். கம்பெனிகளுக்கு இது நன்றாகவே தெரியும். குதிரை சக்தியை விளம்பரத்தில் போடலாம், பிரேக் தூரத்தை யார் போடுவார்கள்?

மாற்றத்தைக் கொண்டுவந்தது சந்தை அல்ல, சட்டம். 1965 நவம்பரில் வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் எழுதிய 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' வெளிவந்தது. விபத்துக்கு ஓட்டுநரை மட்டுமே குற்றம் சொல்லிப் பழகியிருந்த நாட்டில், காரின் வடிவமைப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய புத்தகம் அது. 1966 செப்டம்பரில் ஜனாதிபதி ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1968ன் தொடக்கத்திலிருந்து இரட்டைச் சுற்றுப் பிரேக், மோதலில் மார்பைக் குத்தாமல் மடங்கும் ஸ்டீயரிங் தண்டு, முன் இருக்கைகளுக்குத் தோள் பட்டை எல்லாம் கட்டாயமாயின. 1971ன் மாபெரும் திரும்ப அழைப்பும் இந்தச் சட்டம் உருவாக்கிய சூழலில் நடந்ததுதான்.

மறுபக்கம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இந்தக் கார்களுக்குப் பிரீமியத்தை ஏற்றின. 1970ன் தூய காற்றுச் சட்டம் எஞ்சின்களை அடக்கியது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் கதை முடிந்தது. 1974 மாடலோடு ஜி.டி.ஓ. விடைபெற்றது.

இப்போது அந்தக் கார்கள் சேகரிப்பாளர்களின் கையில். 2014ல் சியாட்டில் ஏலத்தில் 1971ம் ஆண்டின் பிளிமத் ஹெமி குடா கன்வர்டிபிள் ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது. இந்த விலைகள் ஒரு விசித்திரமான இக்கட்டை உருவாக்கியிருக்கின்றன. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த ஒவ்வொரு பாகமும் அப்படியே இருந்தால்தான் காருக்கு மதிப்பு. கண்காட்சிகளில் நடுவர்கள் ஸ்க்ரூவரை பார்த்து மார்க் போடுகிறார்கள். டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போட்டால் கார் பத்திரமாகும், மார்க் குறையும். ஆகவே பல உரிமையாளர்கள் குறையை அப்படியே பாதுகாக்கிறார்கள். காரையோ டிரெய்லரில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறார்கள்.

ஓட்ட விரும்புபவர்களின் வழி வேறு. வெளித்தோற்றத்தைத் தொடாமல், உள்ளே நவீன பிரேக், நவீன சஸ்பென்ஷன், புதிய ஒயரிங் என்று மாற்றிவிடுகிறார்கள். இதற்கென்றே பாகங்கள் தயாரிக்கும் தொழில் அங்கே செழித்திருக்கிறது. மஸ்டாங்கின் அந்தத் தகரக் கோபுரங்களை வெட்டியெறிந்துவிட்டுப் பொருத்தும் முன் சஸ்பென்ஷன்கூட முழு செட்டாகக் கிடைக்கிறது. ஷெல்பி செய்த அந்த ஓர் அங்குல மாற்றத்தை, அறுபதாண்டுகளுக்குப் பிறகும் வீட்டு கராஜில் துளை போட்டுச் செய்துகொள்கிறார்கள்.

அழகை யாரும் மறுப்பதற்கில்லை. அந்த எஞ்சினின் உறுமலுக்கு ஈடாக இன்றைய கார்களில் எதுவும் இல்லை என்பவர்களோடு வாதாடுவதும் வீண். ஆனால் இன்று நம் தெருவில் நிற்கும் மிகச் சாதாரணமான சிறிய காரில் இரட்டைச் சுற்றுப் பிரேக் இருக்கிறது, முன்சக்கரங்களில் டிஸ்க் இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் கார்களுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸும் கட்டாயம். இவற்றுக்கு யாரும் தனியாகப் பணம் கட்டுவதில்லை, விளம்பரத்தில் தேடுவதும் இல்லை. உறுமலைக் கேட்டுக் கார் வாங்கிய ஒரு தலைமுறை, நிற்கத் தெரியாத வண்டிகளில் கற்றுக்கொண்ட பாடம் அது.